மாமா ஐஸ் நிலத்தில வீடு கட்டின கதை

ஓமடா, சிரியுங்கோ. வடிவாச் சிரியுங்கோ. ரெண்டு பேருக்கும் வேற என்ன அலுவல். அனோஜ், நீ நாளையண்டைக்குத் தாலி கட்டப்போற மாப்பிள்ளை, இஞ்ச கராஜுக்குள்ள குந்தியிருந்து ஏழாவது மட்டன் ரோல்ஸை வாய்க்குள்ள அமத்துறாய். கோட்டுப் பொத்தான் பூட்டுப்படாட்டி என்னைக் கேக்காத. கபிலன், நீ வாயே திறக்காத. நான் கொலிஜை ஆறு மாசத்தில விட்டனான், நீ ஆறு வருசமா விடாமல் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய். கொலிஜுக்கே உன்னைப் பாத்து அலுத்துப்போச்சு.

என்ன, எஸ்கிமோவோ? டேய், அந்தச் சொல்லை மாமான்ர ஊருக்கு வந்து சொல்லிப்போடாத, அங்கத்தைச் சனத்துக்கு அது வசை. நோரா காதில விழுந்தா, கக்கூஸ் வண்டிக் குழாயை உன்ர பக்கம் திருப்பிப்போடுவா. நோரா ஆரோ? பொறு, வருவா. முதல் எனக்கொரு ரோல்ஸ் தா, இவன் முடிக்க முந்தி.

நாளைக்குப் பரராசா மாமாவும் மாமியும் பிளேனால இறங்கினோடன நீங்கள் மாமாவைப் பிடிச்சு நக்கலடிக்கப்போறியள் எண்டு எனக்குத் தெரியும். அம்மா ஸ்காபரோ முழுக்கச் சொல்லிப்போட்டா. "எங்கட பரராசா ஐஸுக்கு மேல வீடு கட்டி, வீடு நிலத்துக்குள்ள தாண்டுபோச்சாம்." சொந்தத் தம்பியைப் பற்றி ஒரு அக்கா இப்பிடிக் கதைக்கலாமோ? அதால நானே முழுக்கதையும் சொல்லுறன். நான் பக்கத்தில நிண்டனான். மண்வெட்டியோட நிண்டனான்.

மாமா அந்த ஊருக்குப் போய் ஒம்பது வருசமாச்சு. கனடாவின்ர மேல் நுனி. ஊர்ப்பேரைச் சொன்னா உங்களுக்கு நாக்குச் சுளுக்கும், விடுங்கோ. அங்க ஒரு கடை வைச்சிருக்கிறார். முன்னுக்கு அரிசி, பால், பற்றரி. பின்னுக்குக் கோழிப் பொரியல். கடைக்குப் பின்னால ஒரு அறை, அதுக்குள்ள மாமா. அப்ப மாமி இஞ்ச. வருசத்தில ரெண்டு தரம் மாமா வந்து கெஞ்சுவார், மாமி மாட்டன் எண்டுவா, மாமா தனியத் திரும்பிப் போவார்.

மாமி ஒருக்காப் போய்ப் பாத்தவ. அந்த அறையில கக்கூஸ் எண்டு ஒரு வாளி, வாளிக்குள்ள ஒரு பை. அவ்வளவுதான். மாமி மூண்டு நாள் சாப்பிடேல்லயாம், சாப்பிட்டா வாளியில இருக்கவேண்டி வரும் எண்டு. நாலாம் நாள் பிளேன். ஏறேக்க சொல்லிப்போட்டுத்தான் ஏறினவ.

"இஞ்சாருங்கோ, எனக்கு மூண்டு விசயம் வேணும். சொந்தமா ஒரு வீடு. தண்ணி ஊத்துற கக்கூஸ். நாலு மிளகாய்க் கண்டு நட ஒரு துண்டு நிலம். மூண்டும் சரியெண்டா கூப்பிடுங்கோ, வந்து நிக்கிறன். ஒண்டு குறைஞ்சாலும் நீங்கள் அந்தப் பனிக்கரடியோட குடும்பம் நடத்துங்கோ."

மாமா அந்த மூண்டையும் கடைச் சுவரில எழுதி ஒட்டி வைச்சிருந்தவர். பகிடியில்லை. கோழிப் பொரியல் விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில.

போன வருசம் வைகாசியில அப்பா என்னையும் அங்க அனுப்பிவிட்டார். "படிக்கிறாய் இல்லை, மாமாவோட போய் நில்." நான் போனன். எனக்கு அந்த ஊர் பிடிச்சுப்போச்சு. ஏன் எண்டா, அங்க ஒருத்தரும் "தம்பி என்ன படிக்கிறீர்?" எண்டு கேக்கிறேல்ல. "உனக்குப் பனிக்கு மேல ஸ்கிடூ ஓடத் தெரியுமோ?" எண்டுதான் கேப்பினம். தெரியாது எண்டா, அடுத்த நாள் தெரியும்.

சரி, நிலத்துக்கு வாறன். அங்கத்தை நிலம் எங்கட நிலம் இல்லை. கோடையில மேல ஒரு முழம் இளகும். அதுக்குக் கீழ ஐஸ். நேற்று விழுந்த ஐஸ் இல்லையடா. எங்கட ஊர்க் கிணறு பத்து எடுத்து ஒண்டுக்கு மேல ஒண்டா வைச்சாலும் அடி தெரியாது, அவ்வளவுக்கு ஐஸ். உறைஞ்சு கிடக்குமட்டும் அது கொங்கிறீட். இளகினா கஞ்சி. அதால அங்க வீடெல்லாம் காலில நிக்கும். வெள்ளத்துக்குள்ள சீலையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற மனிசியள் மாதிரி, வரிசையா. வீட்டுச் சூடு நிலத்தில படக்கூடாது. கீழால குளிர்காத்து ஓடோணும். தண்ணிக்குழாய் கூட நிலத்துக்கு மேலதான், பெட்டி போட்டு மூடி.

மாமாக்கு இது பிடிக்கேல்ல. "இதென்னடா வீடோ, கோழிக்கூடோ? வீடெண்டா நிலத்தில இருக்கோணும்." நகரசபைக்காரன் கால் இல்லாமல் விடமாட்டன் எண்டிட்டான். மாமாவும் ஓமெண்டிட்டு, இருக்கிறதுக்குள்ளேயே ஆகக் கட்டையான காலாப் பாத்து ஓடர் குடுத்தார்.

வீடு வர முந்தி அத்திவாரக் கல்லு வைக்கோணுமாம். நாள் பாத்தது ஸ்காபரோ ஐயர். வடகிழக்கு மூலையில கிடங்கு வெட்டி, நவதானியம் போட்டு, தேங்காய் உடைச்சுக் கல்லு வைக்கோணும். ஐயர் போனுக்குள்ள, போன் என்ர கையில. மாமா வேட்டி கட்டி, வேட்டிக்குக் கீழ ரெண்டு காற்சட்டை போட்டுக்கொண்டு கிடங்கு குத்துற இரும்பு அலவாங்கைத் தூக்கி நிலத்தில போட்டார். ஊரில கல்லு நிலத்தில கிணறு வெட்டின மனிசன். ரெண்டு குத்து, மண் வந்துது. மூண்டாவது குத்துக்கு 'டங்' எண்டு ஒரு சத்தம், அலவாங்கு திரும்பி வந்து மாமான்ர தோளில அடிச்சுது.

ஐயர் கேக்கிறார், "என்ன சத்தம், கல்லோ?"

"ஐஸ், ஐயா."

போனுக்குள்ள பஞ்சாங்கம் புரட்டுற சத்தம். பேந்து, "ஐஸுக்கெண்டு என்னட்ட மந்திரம் இல்லைத் தம்பி. முகூர்த்தம் முடியுது, அதுக்கு மேலயே வையுங்கோ."

அந்த நேரந்தான் நோரா வந்தவ. நோராக்கு நாப்பது நாப்பத்திரண்டு வயசு இருக்கும், அந்த ஊர்ச் சனம், தலைமுறை தலைமுறையா அங்க இருக்கிற ஆக்கள். நகரசபையின்ர கக்கூஸ் வண்டி ஓடுறா. வீட்டு வீட்டுக்குப் போய் டாங்கியில இருக்கிறதை உறிஞ்சி எடுக்கிற வண்டி. அவ வண்டியை நிப்பாட்டி, மாமான்ர வேட்டியையும் தேங்காயையும் போனுக்குள்ள இருந்த ஐயரையும் பாத்துச் சிரிச்ச சிரிப்பில கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா. பேந்து இறங்கி வந்து, காணியில மெத்தை மாதிரிக் கிடந்த பாசியைக் காலால தட்டிக் காட்டி, இங்கிலீஷில சொன்னா:

"இதை மட்டும் தொடாதேங்கோ. இது நிலத்தின்ர போர்வை. கோடையில இஞ்ச ராவிலயும் வெயில் படுக்கவே படுக்காது. போர்வையை இழுத்தா கீழ இருக்கிற ஐஸ் இளகும், வீடு போயிடும். பாசிக்கு மேலேயே கிறவல் கல்லுக் கொட்டி மூடுங்கோ. மூண்டடிக்கு, காணி முழுக்க. கிறவலை லொறியில கொண்டுவந்து அந்த றோட்டுத் தலைப்பில பறிப்பாங்கள், அங்கயிருந்து தள்ளிக்கொண்டு வரோணும்."

மாமான்ர இங்கிலீஷ் கடைக்குள்ள நல்லா ஓடும். கடை வாசலைத் தாண்டினா நிண்டுபோகும். மாமா என்னைப் பாத்தார். "என்னவாம்?"

நான் றோட்டுத் தலைப்பைப் பாத்தன். தள்ளுவண்டிலைப் பாத்தன். காணியைப் பாத்தன். அங்க வண்டில் தள்ளுறதுக்கு என்னை விட்டா வேற ஆர் நிக்கினம் எண்டும் பாத்தன்.

"நல்ல காணியாம் மாமா. வடிவாத் துப்பரவாக்கச் சொல்லுறா."

என்னடா பாக்கிறாய்? சுருக்கிச் சொன்னன். மொழிபெயர்ப்பெண்டா கொஞ்சம் அப்பிடி இப்பிடித்தான்.

மாமாக்குச் சந்தோசம் தாங்கேல்ல. "பாத்தியே, இந்தச் சனத்துக்கும் வீட்டு வாசல் முத்தத்தின்ர அருமை தெரியுது." எங்கட ஆக்களைத் தெரியுந்தானே. முத்தமெண்டா ஒரு புல்லு நிக்கக்கூடாது, வெறும் மண்ணில விளக்குமாறு கீறின கோடு தெரியோணும். "எல்லாத்தையும் உரியடா துவாரகன், மாமி வந்து பாத்தோடன ஊர் ஞாபகம் வரோணும்." பாசி உரிக்கிறது சுகமான வேலையடா. ஓரத்தில மண்வெட்டியைக் குடுத்து இழுத்தா, பாய் சுருட்டுற மாதிரி வரும். ஒண்டரை நாளில முடிச்சன். உரிக்கத் தொடங்க முந்தி நோரா வண்டியில போகேக்க, "மாமாவுக்குச் சொன்னியோ?" எண்டு கேட்டா. "சொன்னன்" எண்டன். அதுக்குப் பிறகு அவ மீன்பிடிக் காலத்துக்கு ஆத்துப் பக்கம் போட்டா, ஒண்டரை மாசம் ஆளைக் காணேல்ல.

வீடு ரெண்டு துண்டா லொறியில வந்துது. கொண்டுவந்தவங்கள் ரெண்டையும் சேத்துப் பூட்டினாங்கள். ஜக் வைச்ச கால், திருகினா ஏறும் இறங்கும். அவங்கள் போக, மாமா தன்ர வேலையைத் தொடங்கினார். கால் தெரியிறது மரியாதையில்லையாம், சுத்திவரப் பலகை அடிச்சு மூடினார். கீழால போக வேண்டிய காத்தும் மூடுப்பட்டுது. பேந்து கக்கூஸ். நகரசபை என்ன சொல்லுது எண்டா, வீட்டுக்குள்ள ஒரு டாங்கி வை, வண்டி வந்து உறிஞ்சும். மாமா என்ன சொல்லுறார் எண்டா, "வீட்டுக்குள்ள பீயை வைச்சுக்கொண்டு மனுசர் படுக்கிறதோ?" ஒருத்தருக்கும் சொல்லாமல் பின்வளவில கிடங்கு வெட்டினம். விறகு எரிச்சு, சுடுதண்ணி ஊத்தி, இளகினதை அள்ளி, திரும்ப எரிச்சு, திரும்ப ஊத்தி. பதினாறு நாள். ரெண்டு பீப்பாயைக் குத்தி ஓட்டை போட்டு இறக்கினம். டாங்கி இல்லாத வீடெண்டதால நோரான்ர வண்டியும் எங்கட வாசலுக்கு வரேல்ல. தண்ணி ஊத்தினா இறங்கிச்சுது. மாமா கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆவணியில மாமி வந்தா. டக்ஸியால இறங்கி, முத்தத்தைப் பாத்தா. குனிஞ்சு மண்ணை விரலால தொட்டும் பாத்தா. உள்ள போய் முதல் அலுவலாக் கக்கூஸுக்குத் தண்ணி ஊத்திப் பாத்தா. ரெண்டு தரம். வந்து கதிரையில இருந்து, "தேத்தண்ணி போடட்டோ?" எண்டா. மாமா கடைக்கு ஓடிப்போய்ச் சுவரில இருந்த கடதாசியைக் கிழிச்செறிஞ்சுபோட்டு வந்தார். வரேக்க கண் சிவந்திருந்துது. குளிர் எண்டார். ஆவணியில என்ன குளிர்.

முதல் போனது மிளகாய். மாமி இஞ்சயிருந்து பிளேன் சீற்றுக்குக் கீழ வைச்சுக் கொண்டுவந்த கண்டுகள். நிலத்தில நட்டா. தலைக்கு ஸ்காபரோ வெயில், காலுக்கு ஐஸ்பெட்டி. ஒரு இஞ்சி வளரேல்ல. இலை ஊதா நிறமாச்சு. "இதுக்கு விறைக்குது" எண்டு மாமி கண்டுக்குச் சொக்ஸ் சுத்தினா. மாமான்ர சொக்ஸ்.

ரெண்டாவது தோசை. மாமி மாவை ஊத்தினா ஒரு பக்கம் ஓடுது. ஒரு கரை கடதாசி, மற்றக் கரை மெத்தை. மாமி முதல் தட்டைக் குறை சொன்னா, பேந்து அடுப்பை. மாமா அடுப்புக்குக் கீழ மட்டை வைச்சார். அடுத்த கிழமை இன்னொரு மட்டை. அதுக்கடுத்த கிழமை சாமித்தட்டில விளக்கெண்ணெய் வழிஞ்சு பிள்ளையாரில ஊத்திச்சுது. அறைக்கதவு தானாத் திறக்குது. நான் "பேய் மாமி" எண்டன். மாமி சிரிக்கேல்ல.

மூண்டாவது என்ன எண்டு நான் சொல்லவேணுமோ? ரோல்ஸைக் கீழ வை, அனோஜ். ஐப்பசி பிறந்து நிலம் இறுகினோடன கிடங்கும் இறுகிப்போச்சு. உண்மையில அது ஒரு நாளும் கீழ போகவேயில்லை. ஐஸுக்குள்ளால எங்க போறது? அப்பிடியே சேந்து நிண்டிருக்கு. ஒரு செவ்வாய்க்கிழமை மாமி தண்ணி ஊத்தினா. போறதுக்குப் பதிலா எல்லாம் வந்துது. கோடை முழுக்க அனுப்பினது முழுக்க. மாமி வெளியில வந்து, நேர அறைக்குள்ள போனா. சூட்கேஸ் கட்டிலுக்கு மேல ஏறிச்சுது.

அண்டைக்கே மாமா நகரசபைக்குப் போன் போட்டார். அதிகாரி ஒருத்தர் வந்தார், கூடவே வண்டியோட நோரா. அதிகாரி பலகையைக் கழட்டி, விளக்கைப் பிடிச்சுக்கொண்டு வீட்டுக்குக் கீழ தவண்டு போனார். முழங்கால் மட்டும் சேறோட வெளியில வந்தார். உள்ள குளமாம். ஒரு பக்கக் கால் அரையடி தாண்டுபோச்சாம்.

"கிடங்கும் பிழை, பலகையும் பிழை. ஆனா அதுகளால இவ்வளவு தாழாது. ஆர் இந்தப் பாசியை உரிச்சது?"

இந்த இங்கிலீஷ் மாமாக்கு விளங்கிச்சுது. நெஞ்சில கையை வைச்சு, "மீ" எண்டார். "மை ஹவுஸ். மீ."

நோரா என்னைப் பாத்தா. நான் குனிஞ்சு சப்பாத்து லேஸ் கட்டினன். லேஸ் இல்லாத சப்பாத்து.

மாமி வாசலில நிண்டு எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு நிண்டவ. அண்டையிலயிருந்து மாமாவோட கதை இல்லை. பதினொரு நாள். பிளேன் டிக்கற்றும் எடுத்தாச்சு, பன்னிரண்டாம் நாளுக்கு. வீட்டுக்குள்ள கதையெல்லாம் என்னைக் கொண்டுதான் ஓடிச்சுது. "தம்பி, மாமாட்டச் சொல்லும், சோறு மூடி வைச்சிருக்கெண்டு." "டேய், மாமியிட்டச் சொல்லு, எனக்குப் பசியில்லை எண்டு." "தம்பி, மாமாட்டச் சொல்லும், எட்டு வருசம் காத்திருந்தது இந்தச் சரிஞ்ச வீட்டுக்கோ எண்டு." எல்லாத்தையும் ஒரு சொல்லு விடாமல் கொண்டுபோய்ச் சேர்த்தன். அந்த விசயத்தில என்னைக் குறை சொல்ல ஏலாது.

மாமா அந்தப் பதினொரு நாளும் வீட்டுக்குக் கீழதான் கிடந்தார். பலகையெல்லாம் கழட்டி எறிஞ்சார். காத்து உள்ளுக்கு ஓடத் தொடங்கிச்சுது. ஜக்கைத் திருகுறதும், மேல வந்து ஒரு கிண்ணத்தில தண்ணி வைச்சு மட்டம் பாக்கிறதும், திரும்பக் கீழ போறதும். நோரா ரெண்டு சகோதரங்களைக் கூட்டிக்கொண்டு வந்தா, கிறவலும் வந்துது. றோட்டுத் தலைப்பில பறிச்சாங்கள். ஆர் தள்ளினது எண்டு கேக்காதேங்கோ. இருநூறு வண்டில் வரைக்கும் எண்ணினன், பிறகு கை விறைச்சு எண்ணேல்ல. வீட்டுக்குள்ள டாங்கியும் வைச்சாச்சு.

பத்தாம் நாள் நோரா டாங்கியைப் பாக்க உள்ள வந்தா. மாமி குசினியில நிண்டவ, நோராக்கு வடை குடுத்தா. நோரா கடிச்சா, காரத்தில கண்ணால தண்ணி ஓடுது, இன்னொண்டு கேட்டா. பேந்து மாமியிட்டக் கேட்டா, "உங்கட கண்டுகளை ஏன் நிலத்தில நட்டனீங்கள்? இஞ்ச ஒருத்தரும் நிலத்தில நடுறேல்ல. என்னட்ட ஆத்தில ஓடின ஒரு உடைஞ்ச போட் கிடக்கு. பீப்பாய்க்கு மேல தூக்கி வைச்சு மண் போட்டுத் தாறன். வெயில் கீழாலயும் படும்." மாமி என்னைப் பாத்தா. நான் சொல்லு சொல்லா மொழிபெயர்த்தன். மாமி கையைத் துடைச்சுக்கொண்டு, "எப்பவாம் நடலாம்?" எண்டு கேட்டா.

"ஆனியில."

அண்டைக்கு ஐப்பசி முடியிற நேரம். ஆனிக்கு இன்னும் ஏழெட்டு மாசம் கிடக்கு. மாமி அடுத்த நாள் தோசை சுட்டா. மாவை ஊத்தினா, வட்டமா நிண்டுது. அதை நிண்டு பாத்தா. பாத்துப்போட்டுக் கீழ குனிஞ்சு, நிலப்பலகைக்கு ரெண்டு தட்டுத் தட்டி, "இஞ்சாருங்கோ, வெளியில வாங்கோ, தோசை ஆறுது" எண்டு கத்தினா. மாமா கீழயிருந்து எழும்பின வேகத்தில தலையை இடிச்ச சத்தம் மேல கேட்டுது.

இந்தக் கோடை அந்த உடைஞ்ச போட்டுக்குள்ள விளைஞ்ச கோவாவை, உங்கட பாஷையில கபேஜை, நீங்கள் பாக்கோணும். கபிலன்ர மண்டையளவு, உள்ளயும் சரக்கு இருக்கு. வெந்தயக்கீரை, முள்ளங்கி, மிளகாய்க்கு மேல பொலித்தீன் கூடாரம். வியாழக்கிழமை வியாழக்கிழமை நோரா டாங்கி உறிஞ்ச வருவா, மாமி வடையோட நிப்பா. ரெண்டு பேரும் பாஷை இல்லாமல் என்னைப் பற்றித்தான் கதைக்கினம் எண்டு நினைக்கிறன், என்னைப் பாத்துப் பாத்துச் சிரிக்கினம்.

அவ்வளவுதான் கதை. நாளைக்கு மாமாவை நக்கலடிக்கிறதெண்டா அடியுங்கோ. கிடங்குக்கு அடியுங்கோ, பலகைக்கு அடியுங்கோ, வேட்டிக்குக் கீழ ரெண்டு காற்சட்டைக்கும் சேத்து அடியுங்கோ. மனிசன் தானும் சேந்து சிரிப்பார். பாசியைப் பற்றி மட்டும் வாய் திறக்காதேங்கோ.

என்ன கபிலன்? இல்லை, மாமாக்கு இண்டைவரைக்கும் தெரியாது. நோரா தன்னட்டச் சொன்னதை நான் வடிவாத் தனக்குச் சொன்னனான் எண்டும், தனக்குத்தான் விளங்கேல்ல எண்டும் நினைச்சுக்கொண்டிருக்கிறார். ஒரு நாள் என்னட்டச் சொல்லியும் போட்டார், "நீ அண்டைக்குச் சொல்லியிருப்பாய் மருமோன், நான்தான் முத்தப் பைத்தியத்தில கவனிக்கேல்ல" எண்டு. நான் ஓமெண்டன்.

ஏன் சொல்லேல்லயோ? ஏசுவார் எண்டு பயமில்லையடா. மாமா ஏசத் தெரியாத மனிசன். சொன்னா என்னைத் திருப்பி இஞ்ச அனுப்பிப்போடுவா மாமி எண்டுதான். இஞ்ச வந்து நான் என்னத்தைக் கிழிக்கிறது. பழியை மாமாவில விட்டு மாமி போனா, மாமா தனிய இருப்பார், எட்டு வருசம் இருந்தவர்தானே, பழகினதுதானே எண்டு யோசிச்சனான். அவ போனாலும் பரவாயில்லை, நான் அங்க நிண்டாப் போதும். பதினொரு நாளும் அவ சமைச்சதைத் திண்டுகொண்டு நான் நினைச்சது அதைத்தான்.